2,40,000 ரூபாய் கையில் இருக்கிறது. இந்த ஜூனிலும் பையும் நோட்டும்தானா?

செஞ்சிக்கோட்டை (கேள்வி)

வணக்கம். செஞ்சிப் பக்கத்தில் 32 உறுப்பினர்கள் உள்ள ஒரு சேவைச் சங்கத்துக்காகக் கேட்கிறேன். சந்தாவும் நன்கொடையுமாக இந்த ஆண்டு 2,40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது 200 பிள்ளைகளை மேடைக்கு அழைத்து ஆளுக்கு ஒரு பை, 5 நோட்டு, ஒரு பேனா கொடுப்பதுதான் இதுவரை வழக்கம். அரசும் பை கொடுக்கிறது, நாமும் பை கொடுக்கிறோம், வீட்டில் இரண்டு பை தொங்குகிறது, பிள்ளைக்கு வேறு ஏதோ இல்லாமல் இருக்கிறது என்று தலைமையாசிரியர்களே இப்போது வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

எங்கள் எல்லைக்குள் 3 ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள், 2 அரசு உயர்நிலைப் பள்ளிகள், ஒரு மேல்நிலைப் பள்ளி. ஓர் இருளர் குடியிருப்பு உண்டு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் அதிகம்.

நான் கேட்பது இவை. அரசு எதைக் கொடுக்கிறது, எங்கே நிறுத்துகிறது? மளிகைத் தொகுப்பு கொடுப்பது சரியா, கொடுத்தால் அதில் என்ன இருக்க வேண்டும்? உண்மையிலேயே கஷ்டப்படும் வீட்டை எப்படி அடையாளம் காண்பது? நன்கொடையாளர்கள் படம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள், வாங்கலாமா?

---

கரும்பலகை

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை அதிலிருந்துதான் கிளைக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், புத்தகப்பை, பேருந்துப் பயண அட்டை எல்லாம் வந்துவிடும். 1 முதல் 5 வரை காலை உணவு, 8 வரை சீருடை 4 செட், 11-ஆம் வகுப்பில் சைக்கிள். இதைப் படிக்கும்போது எல்லாம் கிடைத்துவிடுகிறது போலத் தெரியும். எந்த வகுப்பில் எது நின்றுபோகிறது என்று பாருங்கள், அங்கேதான் உங்கள் வேலை.

8-இலிருந்து 9-க்குப் போகும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய நடுநிலைப் பள்ளி 8-உடன் முடிகிறது. புதுப் பள்ளி 4, 5 கிலோமீட்டர் தள்ளி. இலவசச் சீருடை அந்த வருடமே நின்றுவிடுகிறது, சீருடையின் நிறமும் மாறுகிறது. சைக்கிள் வர இன்னும் 2 வருடம். தூரம், துணிச் செலவு, புது இடம் மூன்றும் ஒரே ஜூனில் வந்து விழுகின்றன. பெண் பிள்ளை நிற்பது பெரும்பாலும் இங்கேதான். 200 பேருக்கு ஆளுக்கு 1,200 ரூபாய்ப் பொருள் கொடுப்பதைவிட, இந்த வாசலில் நிற்கும் 40 பேரை முழுசாகத் தாங்குங்கள்.

சீருடை: ஆளுக்கு 2 செட். பெண் பிள்ளைக்கு 36 அங்குல அகலத் துணியில் டாப்ஸுக்கு இரண்டரை மீட்டர், பேண்ட்டுக்கு இரண்டேகால், ஓவர்கோட்டுக்கு ஒன்று. பையனுக்கு 58 அங்குல அகலத்தில் பேண்ட்டுக்கு 1.20 மீட்டர், அரைக்கைச் சட்டைக்கு ஒன்றரை. மொத்த விலையில் எடுத்து உள்ளூரில் தைத்தால் பெண் பிள்ளைக்கு ஒரு செட் 900, 950-இல் முடியும், பையனுக்கு அதற்குள்ளேயே. ஆளுக்கு 1,900 என்று வைத்துக்கொண்டால் 40 பேருக்கு 76,000.

எங்கே சறுக்கும் என்றால், முதலில் அளவெடுக்கும் நாளில். ஜூனில் அளவெடுத்தால் ஜூலைக் கடைசியில்தான் உடுப்பு வரும், அதுவரை பிள்ளை பழைய பள்ளிச் சீருடையிலோ வண்ண உடையிலோ போய்க் கூனிக் குறுக வேண்டும். மார்ச் மாதம், ஆண்டுத் தேர்வுக்கு முன்பே, 8-ஆம் வகுப்பிலேயே அளவெடுத்துவிடுங்கள். 40 பேருக்கு 80 செட். ஒரு தையற்காரர் நாளைக்கு 3 செட் தைத்தால் 27 நாள், இடையில் திருவிழா, மின்தடை. ஏப்ரல் முதல் வாரத்தில் துணி அவர் கையில் இருக்க வேண்டும். இருவரிடம் பிரித்துக் கொடுப்பது நல்லது, ஆனால் இருவரும் ஒரே மாதிரி ஓர் உடுப்பைத் தைத்துக் காட்டி உங்கள் ஒப்புதல் வாங்கிய பிறகு.

மார்ச்சில் எடுத்த அளவு ஜூனில் பற்றாது. உயரத்தில் 3 அங்குலம் கீழ்மடிப்புக்குள் விட்டு, பக்கத் தையலில் இருபுறமும் ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். பிறகு பிரித்துவிட்டால் அதே உடுப்பு அடுத்த வருடமும் ஓடும். துணி வாங்கும்போது 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை வெட்டித் துவைத்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கினால் முழுத் துணியையும் நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். மொத்தத் துணியும் ஒரே சாய லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில்) வந்ததா என்று பில்லில் பாருங்கள். இரண்டு லாட் கலந்தால் வரிசையில் நிற்கும்போது நிற வேறுபாடு பளிச்சென்று தெரியும். எந்தப் பிள்ளைக்கு இலவச உடுப்பு என்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது சைக்கிள். 9, 10 படிக்கும் 2 வருடத்துக்கு மட்டும் கடன் கொடுங்கள், 11-இல் அரசு சைக்கிள் வந்ததும் திருப்பிக் கொடுக்கட்டும், அடுத்த 9-ஆம் வகுப்புக்குப் போகட்டும். புதிது வேண்டாம். நன்கொடையாக வாங்கும் பழைய சைக்கிளுக்கு டயர், டியூப் இரண்டிரண்டு, பிரேக் கட்டை, செயின், பெடல், கோன், குண்டு மாற்றிக் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய்க்குள் அடக்கலாம். 20 சைக்கிளுக்கு 36,000. வாங்கும்போது பெடல் சுற்றும் இடத்தில் பிரேம் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே வெல்டிங் வைத்த சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பிள்ளை ஏறுகிற வண்டி. பள்ளியிலேயே ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கட்டும். சைக்கிள் மூலையில் முடங்குவது பெரும்பாலும் ஒரு வால்வு டியூப் இல்லாமல்தான்.

---

மளிகைக்கணக்கு

மளிகைத் தொகுப்பு பற்றி. 25 கிலோ அரிசி மூட்டையோடு படம் எடுக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி இலவசமாக வருகிறது. மற்ற அரிசி அட்டைகளுக்கும் ஆள் கணக்கில் வருகிறது. 30 ரூபாய்க்கு ஒரு கிலோ பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். அந்த வீட்டில் அரிசி இருக்கும். சோற்றோடு சேர்த்துச் சாப்பிட இருக்காது. நீங்கள் கொடுக்கும் அரிசி குறைந்த விலைக்குக் கைமாறிப் பருப்பாகவும் எண்ணெயாகவும் திரும்பி வரும், நடுவில் உங்கள் பணத்தில் பாதி கரைந்துவிடும்.

4 பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத் தொகுப்பு: துவரம்பருப்பு 2 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ, பாசிப்பயறு 1 கிலோ, சமையல் எண்ணெய் 1 லிட்டர், வெல்லம் 1 கிலோ, அயோடின் உப்பு 1 கிலோ, துணிச் சோப்பு 2, குளியல் சோப்பு 2. மொத்த விலைக் கடையில் 900 ரூபாயை ஒட்டி வரும். கைக்குழந்தை இருக்கும் வீடானால் ஒரு கிலோ கேழ்வரகு மாவு சேருங்கள். ஊறவைத்து அவித்தால் போதும் என்பதால்தான் கொண்டைக்கடலையும் பயறும். சூளையில் 3 கல் அடுப்பில் ஒரே பானை வைத்துச் சமைக்கிறவர்களுக்கு அதுதான் முடியும். மைதா, சேமியா, நூடுல்ஸ் வேண்டாம்.

எந்த மாதம் என்பது என்ன கொடுக்கிறோம் என்பதைவிட முக்கியம். தீபாவளிக்குத்தான் எல்லாச் சங்கமும் கொடுக்கிறது. மே மாதம் பள்ளி மூடியிருக்கும், காலை உணவும் இல்லை, சத்துணவும் முட்டையும் இல்லை. வீட்டில் 2 பிள்ளை இருந்தால் ஒரு நாளைக்கு 4 வேளைச் சாப்பாடு திடீரென்று அந்தத் தாயின் தலையில் விழுகிறது. அதனால் மே. அப்புறம் மழைக்காலம்: அக்டோபர், நவம்பர், டிசம்பர். மழையில் சூளை நிற்கும், வயலிலும் கூலி குறையும், முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் போவதும் அந்தச் சமயத்தில்தான் முடிவாகும். 18 குடும்பத்துக்கு 4 மாதம், 900 வீதம் 64,800. 200 வீட்டுக்கு ஒரே ஒரு முறை கொடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

கட்டும் வேலையில் நேர்கிற தவறுகள் எப்போதும் ஒன்றுதான். 50 கிலோ மூட்டையில் 50 பொட்டலம் வராது. சிந்தல், தராசு ஏற்ற இறக்கம் போக 49-தான் வரும், ஒவ்வொரு பொருளிலும் 2 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். எண்ணெய்ப் பாக்கெட்டை அடியில் வைத்தால் வண்டியில் நசுங்கிப் பருப்பெல்லாம் நனைந்துவிடும், அதைக் கடைசியாகத் தனிப் பையில் போட்டு மேலே வையுங்கள். சோப்பைப் பயறோடு ஒரே பையில் போட்டால் 3 நாளில் பயறு சோப்பு மணக்கும், வேகவைத்தாலும் போகாது, பிள்ளைகள் தொடமாட்டார்கள். சோப்புக்குத் தனிப் பை. வெல்லம் மழைக்காலத்தில் கசியும், இரட்டைக் கவர். நிலக்கடலையை ஒரு கை அள்ளி உடைத்து மோந்து பார்த்து வாங்குங்கள். கறுத்த பருப்பு, பூஞ்சை வாடை இருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புங்கள்.

---

வடக்குவீதி

குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சுருக்கமாக.

ஒருவர் கொடுக்கும் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும். வகுப்பாசிரியரிடம் ஒன்று, அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஒன்று, தனித்தனியாக வாங்குங்கள். ஒருவருக்கு மற்றவர் பட்டியல் தெரியக் கூடாது. இரண்டிலும் வரும் பெயர்கள் முதலில். ஒன்றில் மட்டும் வரும் வீடுகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் நேரில் போங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வறுமையை விசாரிக்கப் போகாதீர்கள். எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், கடைசியாக எத்தனை நாள் கூலி கிடைத்தது, பிள்ளை இந்த மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, இந்த நான்கு கேள்வி போதும். வருகைப் பதிவேட்டில் திங்கள்கிழமைகளிலும் மழை நாட்களிலும் தொடர்ந்து விடுப்பு இருந்தால் அந்த வீட்டைக் கட்டாயம் பாருங்கள்.

ரேஷன் அட்டை வகையைப் பார்த்து வடிகட்டலாம் என்பார்கள். அந்தியோதயா அட்டை இருந்தால் சந்தேகமில்லை. ஆனால் அட்டையே இல்லாத வீடுதான் அதைவிட மோசமான நிலையில் இருக்கும்: கணவன் விட்டுப்போய் பெயர் பிரிக்க முடியாத பெண், இடம்பெயர்ந்தே வாழும் இருளர் குடும்பம், பாட்டியிடம் விடப்பட்ட பேரப்பிள்ளைகள். அட்டையை நிபந்தனையாக வைத்தால் இவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுவீர்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சூளையில் முன்பணம் வாங்கிவிட்டு வெளியே வர முடியாமல் இருக்கும் குடும்பம் கண்ணில் பட்டால், இரக்கப்பட்டு அந்தக் கடனைச் சங்கம் கட்டிவிடாதீர்கள். அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. நீங்கள் கட்டினால் அடுத்த குடும்பத்துக்கு விலை நிர்ணயித்துக் கொடுத்தவர்களாவீர்கள். கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளை வேலை செய்வது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

---

இசேவைமேசை

மேலே சொன்னது எல்லாமே சரி. ஆனால் 2,40,000 ரூபாயில் மிகக் குறைவான பணத்தில் மிக அதிகப் பலன் தருவது காகிதம். சங்கங்கள் இதைச் செய்வதே இல்லை, மேடையில் காட்ட எதுவும் இருக்காது என்பதால்.

கணக்குப் பாருங்கள். தந்தையை இழந்து தாயோடு வாழும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், உறவினர் வளர்க்கும் அநாதைப் பிள்ளை, உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோர் எல்லாம் இதில் வரும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். ஒரு பிள்ளைக்கு அது கிடைத்தால் ஒரு வருடத்துக்கு 48,000. உங்கள் மளிகை பட்ஜெட்டில் முக்கால்வாசி ஒரே வீட்டுக்கு, அதுவும் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் இல்லாமல். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 உண்டு.

ஏன் கிடைப்பதில்லை? முதல் தடை இறப்புச் சான்று. வெளியூரில் கூலிக்குப் போன இடத்தில் இறந்திருப்பார், 21 நாளுக்குள் பதிந்திருக்க மாட்டார்கள். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். ஒருநாள் கூலியை விட்டு அந்தப் பெண் எத்தனை தடவை நடப்பாள்? ஓர் உறுப்பினர் கூடவே போய், பேருந்துச் செலவும் அன்றைய கூலியும் சங்கம் கொடுத்தால் அந்த வேலை முடியும். அந்தக் கூலியைத் தயங்காமல் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

இரண்டாம் தடை பெயர். பள்ளிப் பதிவில் "க. செல்வி" என்று இருக்கும், ஆதாரில் தந்தை பெயரோடு சேர்த்து முழுதாக இருக்கும், வங்கியில் இன்னொரு மாதிரி. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலேயே விண்ணப்பம் திரும்பி வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் போட்டு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு), ஆதார், வங்கி, ரேஷன் அட்டை நான்கிலும் பெயர், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். எதை மாற்றினால் வேலை குறைவு என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் ஒன்றுக்கொன்று ஆதாரம் இல்லாமல் நடுவில் நிற்கும். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழி புதுப்பிக்காத ஆதாரையும் அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது. உதவித்தொகை ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். எப்போதோ ஒரு முகாமில் திறந்து மறந்துபோன கணக்காக அது இருக்கலாம். பணம் வரவில்லை என்று பள்ளியோடு சண்டை போடுவதற்கு முன் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரிச் சான்றுகள் இ-சேவையில் ஒவ்வொன்றும் 60 ரூபாய். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான், அதனால் எப்போது தேவையோ அதற்குச் சற்று முன்பு எடுங்கள். இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவது. இரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலை முதலில் தேடிப் பிடியுங்கள், வேலை பாதி முடிந்தது. 12-இல் தேடாமல் 8-ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

இன்னொன்று: 8-ஆம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன்வழித் தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் 9 முதல் 12 வரை வருடம் 12,000, நான்கு வருடத்தில் 48,000. பெற்றோர் வருமான வரம்பு 3,50,000 என்பதால் உங்கள் பள்ளிகளில் ஏறக்குறைய எல்லாரும் தகுதி. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி, தலா 90 நிமிடம். பிள்ளைகள் தோற்பது பாடம் தெரியாமல் அல்ல, மனத்திறன் கேள்வி வடிவத்தை முன்பே பார்க்காததாலும் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பிப் பழகாததாலும். பழைய வினாத்தாள், வெற்று ஓஎம்ஆர் தாள் அச்சடித்துச் சனிக்கிழமை தோறும் 12 வாரம் எழுதவைக்க 10,000 ரூபாய் தாராளம். தேர்வானவர்கள் ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டே பலருக்குப் பணம் நின்றுபோகிறது. தேதியை உங்கள் சங்கக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

---

செஞ்சிக்கோட்டை

கரும்பலகை சார், மளிகைக்கணக்கு, வடக்குவீதி, இசேவைமேசை எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கூட்டிப் பார்த்தேன்: சீருடை 76,000, சைக்கிள் 36,000, மளிகை 64,800, தேர்வுப் பயிற்சி 10,000. சான்றிதழ், அலைச்சல், 12 முடித்தவர்களின் கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் 25,000 ஒதுக்கினால் 2,11,800. கையில் 28,200 நிற்கும்.

இரண்டு சந்தேகம். சீருடைக்குத் துணி வாங்கித் தைப்பதற்குப் பதில் கடைக்குக் கூப்பன் கொடுத்துவிட்டால் எங்கள் வேலை குறையாதா? சைக்கிளை அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விட்டால் என்ன செய்வது? படம், வெளிநாட்டுப் பணம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

கரும்பலகை

சீருடைக்குக் கூப்பன் வேண்டாம், அந்த நிறத் துணி எல்லாக் கடையிலும் இருக்காது. செருப்பு, உள்ளாடை, கைக்குட்டை, பெண் பிள்ளைகளுக்கான நாப்கின் ஆகியவற்றுக்குக் கூப்பன்தான் சரி. தன் அளவைத் தானே பார்த்து வாங்குவதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கூப்பனில் பிள்ளையின் பெயர், வாங்க வேண்டிய பொருள், உச்ச விலை, கடைசித் தேதி, பள்ளி முத்திரை ஐந்தும் இருக்கட்டும். தேதி 3 வாரத்துக்குள். இரட்டைத் தாள்: ஒன்று கடையில் நிற்கும், அதைப் பில்லோடு இணைத்துக் கொண்டுவந்தால்தான் சங்கம் பணம் கொடுக்கும். பொருள் பெயர் எழுதாத கூப்பன் சில்லறைக்குக் கைமாறும். கடைசித் தேதி இல்லாத கூப்பன் கணக்கை ஒரு வருடம் இழுக்கும்.

செருப்பை நீங்களே மொத்தமாக வாங்குவதானால் வயதைக் கேட்டு வாங்காதீர்கள். தாளில் பிள்ளையை நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் வரைந்து, நீளமான பாதத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் சேருங்கள். உட்கார்ந்த நிலையில் வரைந்தால் அளவு குறைந்துவிடும். மாலையில் எடுங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்றுப் பெரிதாக இருக்கும்.

சைக்கிளை அப்பா எடுப்பது நடக்கும், அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம், அந்த வீட்டில் அதுதான் ஒரே வண்டி. ஞாயிற்றுக்கிழமை எடுக்கட்டும், பள்ளி நாளில் கூடாது என்று தாயிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரேமில் எண் பெயிண்ட் அடித்து, பள்ளியில் ஒரு பதிவேடு வைத்து, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாச் சைக்கிளையும் பள்ளியில் நிறுத்திப் பிரேக், காற்று பார்க்கச் சொல்லுங்கள். வராத சைக்கிள் எதுவென்று அன்றைக்கே தெரிந்துவிடும். கேரியரில் மூட்டை ஏற்றியிருந்தால் பின்சக்கரக் கம்பி தளர்ந்திருக்கும், அதுவும் அங்கேயே தெரியும். சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதாதீர்கள். எண் போதும்.

---

பேரேடு

படமும் பணமும்.

படம்: பிள்ளையின் முகம் தெரியக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நாளைக்கு 17 வயதில் அந்தப் பெண் கையில் மூட்டையோடு நிற்கும் படத்தை அவள் வகுப்பே செல்பேசியில் பார்க்கும். நன்கொடையாளர்களுக்கு அடுக்கிவைத்த 80 செட் சீருடை, ஓடத் தயாராக நிற்கும் 20 சைக்கிள், மேசை முழுக்கப் பரப்பிய மளிகை, பில் நகல் ஆகியவற்றின் படம் அனுப்புங்கள். பிள்ளையின் பெயரில்லாமல் ஒரு பக்க அறிக்கை, எத்தனை சான்று கிடைத்தது, எத்தனை பேர் 9-இல் சேர்ந்தார்கள் என்று எண்ணிக்கையோடு. அதைப் படித்துத் திரும்பக் கொடுப்பவர்தான் நிலையான நன்கொடையாளர்.

பிள்ளைகளோடு பழகும் உறுப்பினர்களுக்கு ஒரு விதி: எந்த வேலையிலும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே, தனியாக யாரும் பிள்ளையை வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது, தனிப்பட்ட செல்பேசிச் செய்தி கூடாது. பாலியல் தொந்தரவு நடந்திருக்கலாம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. சங்கத்துக்குள் பேசி முடிப்பது குற்றம்.

பணம்: இரண்டு வங்கிக் கணக்கு வையுங்கள். சந்தா ஒன்றில், பொதுமக்களிடம் திரட்டியது இன்னொன்றில். பொதுமக்கள் கொடுத்தது முழுக்கச் சேவைக்கே போக வேண்டும், கூட்டச் செலவு, மாலை, சால்வை, சாப்பாடு எல்லாம் சந்தாவிலிருந்து. லயன்ஸ் சங்கங்களில் இது விதியாகவே இருக்கிறது, எல்லாச் சங்கமும் பின்பற்றத் தக்கது. காசோலைக்கு இருவர் கையெழுத்து. பொருளுக்கு இருப்புப் பதிவேடு: வந்தது, போனது, மிச்சம்.

80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு) உங்கள் சங்கத்துக்கோ அதன் அறக்கட்டளைக்கோ இருந்தால் மட்டும் வரிச் சலுகை என்று சொல்லுங்கள். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் கிடையாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சங்கம் வருமான வரித் துறைக்குக் காட்டும் 10பிடி படிவத்தை மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நன்கொடையாளர் கணக்கில் அது ஏறாது, அடுத்த வருடம் அவர் கொடுக்கமாட்டார்.

வெளிநாட்டுப் பணம்: இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். குடியுரிமை மாறிவிட்டவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கிச் சங்கத்துக்கு மாற்றுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் மிகப் பெரிய தவறு. சிங்கப்பூர் ஊர்க்காரரிடம் பாஸ்போர்ட் எந்த நாடு என்று முதலில் கேளுங்கள். அரசுப் பள்ளிக்கே நேரடியாக உதவ விரும்புகிறவர்களை 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளத்துக்கு அனுப்பிவிடலாம்.

அந்த 28,200-ஐத் தொடாமல் வையுங்கள். குடிசை எரிவது, தாய் மருத்துவமனையில் படுப்பது, ஜூலையில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரி விடுதிக்கு 3 நாளில் பணம் கட்ட வேண்டியது போன்றவை முன்னறிவிப்போடு வருவதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்புதலில் 5,000 வரை 24 மணி நேரத்தில் கொடுக்கலாம் என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். அடுத்த கூட்டம் வரை காத்திருந்தால் அந்த இடம் வேறு யாருக்காவது போயிருக்கும்.

---

இசேவைமேசை

ஒரு சிறு சேர்க்கை. கல்லூரி விண்ணப்பம் என்று 25,000-க்குள் போட்டிருக்கிறீர்கள், அதில் விண்ணப்பக் கட்டணம் சொற்பம். அரசுக் கலைக் கல்லூரிக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு அந்த 2 மட்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு 500, பட்டியலினத்தவருக்கு 250. பணம் பெரும்பாலும் சேர்ந்த முதல் மாதத்தில்தான் ஓடும்: தினசரி பேருந்து, இரண்டு செட் உடுப்பு, ஆய்வகக் கோட்டு, விடுதி முன்பணம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிறவர்களுக்கான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் மாதாமாதம் வரும், ஆனால் முதல் தவணை வர நாளாகும். அந்த இடைவெளிக்கு ஆளுக்கு 2,500 என்று 6 பேருக்கு ஒதுக்கினால் 15,000. மீதி 10,000 சான்றிதழுக்கும் அலைச்சல் கூலிக்கும் போதும். தொகையை ஜூனிலேயே மொத்தமாகக் கொடுக்காமல், சேர்க்கை ரசீதைக் காட்டியதும் பாதி, கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியதும் பாதி என்று கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் யாராவது வராவிட்டால் அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.